பாட்டரி ரேடியோ வாங்கப் போகிறீர்களா?

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில், கஜா என்று பெயர் பெற்ற புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்தன, மின்சாரக் கம்பங்களும் சாய்ந்தன. பொழுது விடிந்தபோது எங்கள் கிராமத்தில் கைபேசிகள் யாவும் மௌன விரதம் பூண்டிருந்தன. இன்னும் காற்று வருமா, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்வாரில்லை.

என் தாயார் பரணிலிருந்த பழைய ரேடியோவை எடுத்து வரச் சொன்னார். திறந்து பார்த்தேன். என்றைக்கோ போட்ட பாட்டரிகள் உள்ளேயே கசிந்து தகடுகளை அரித்திருந்தன! கடைசியில் அடுத்த தெருவில் ஒரு மீனவர் வீட்டு ரேடியோவைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து செய்தி கேட்டோம். பள்ளிக்கூடத்தில் மின்கலத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் அடியேனும் அந்த இருபது பேரில் ஒருவன்.

பிறகு புது ரேடியோ வாங்கப் புறப்பட்டேன். கடைக்காரர் முதலில் காட்டியது பாட்டுப் பெட்டி. அதில் விளக்கு உண்டு, நினைவு அட்டை செருக இடம் உண்டு. மத்திய அலை மட்டும் இல்லை. எப்.எம். ஒலி இனிமையானதுதான். ஆனால் அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட மங்கிவிடும். மத்திய அலையோ பகலில் தரையை ஒட்டிப் படர்ந்து செல்லும். இரவில் மேல் வானத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் வந்து சேரும். ஆகையால் இரண்டும் உள்ளதாகக் கேளுங்கள். உங்கள் ஊரில் எந்த நிலையம் எந்த அலையில் கேட்கிறது என்று அண்டை வீட்டாரை முன்னதாக விசாரிப்பதும் நல்லது.

மத்திய அலை சரியாகக் கேட்கவில்லை என்றதும் கடைக்காரர் ஏரியல் கம்பியை ஆகாயத்தை நோக்கி இழுத்தார். பாவம்! அந்தக் கம்பி எப்.எம்.முக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலைக்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு பெரைட் தண்டு இருக்கிறது. பெட்டியைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். கடையிலுள்ள எல்.இ.டி. விளக்குகளும் இரைச்சலை உண்டாக்கும். நான் ரேடியோவைத் தெருவுக்குக் கொண்டுவந்து கேட்டேன். கடைக்காரர் வாசல் வரையில் கூடவே வந்தார்.

உள்ளேயே பதித்த லித்தியம் பாட்டரி சௌகரியமானது. ஆயினும் மின்சாரம் இல்லாத வாரத்தில் அதற்கு எங்கே சார்ஜ் ஏற்றுவது? பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண 1.5 வோல்ட் பாட்டரியில் பாடுவதே எனக்குப் பிடித்தது. மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் பாட்டரி 1.2 வோல்ட்தான், சில ரேடியோக்கள் அதை ஏற்பதில்லை. இடம் கொஞ்சம் அடைத்தாலும் பெரிய பாட்டரி போடுகிற ரகம் பல மடங்கு நாள் வரும். கைப்பிடியைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் ரகமும் உண்டு. கை வலிக்கிறதா என்று கடையிலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

எண்கள் ஒளிரும் பெட்டி பார்வைக்கு அழகுதான். என் தாயாருக்கோ இருட்டில் தடவித் திருப்பக் குமிழ் வேண்டும். குமிழ் வைத்ததையே வாங்கினேன். பாட்டரிகளை அவர் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் அவற்றை ரேடியோவில் போட்டு ஒரு முறை பேச வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடியும் கழற்றி வைப்பது என் வேலை.