கடல் தந்த விதை

விதைநெல்லைத் தன் களத்திலேயே எடுத்து வைக்கும் உழவன் அடுத்த பருவத்திற்குப் பிறர் கையை எதிர்பாரான். கடற்கரைக் குளங்களில் மீன் வளர்ப்போர்க்கோ அவ்வசதி நெடுங்காலம் வாய்த்திலது. அவர்தம் குளங்களுக்குரிய விதையைக் கடலே அளித்து வந்தது. இதனைப் பால்மீனின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பிலிப்பைன்ஸ் தீவினர் ‘பாங்குஸ்’ என வழங்கும் இம்மீனை, ஜாவாத் தீவினரும் தைவான் மக்களும் பல தலைமுறைகளாக உவர்நீர்க் குளங்களில் வளர்த்து வருகின்றனர். குளத்தின் அடியிற் படரும் பாசியையே உண்டு வளர்வதால், இதனைப் பேணுதற்குச் செலவு குறைவு. ஆயின் இது குளத்தில் முட்டையிடுவதில்லை. தாய்மீன் கடலிற் சென்று பல இலட்சம் முட்டைகளை இடுகின்றது. அவற்றினின்று வெளிப்பட்ட குஞ்சுகள் இரண்டு மூன்று வாரங்களில் கரையை நாடி வருகின்றன. அப்போது அவற்றின் நீளம் 10 முதல் 17 மில்லிமீட்டரே. உடல் கண்ணாடியை ஒத்திருத்தலின் கண்களே முதலிற் புலப்படும். அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி இவை மிகுதியாக வரும். கரைவாழ் ஏழை மக்கள் ஆழமற்ற நீரில் இறங்கித் தள்ளுவலையால் இவற்றை வாரி, வெண்ணிறக் கிண்ணங்களில் இட்டு எண்ணி விற்பர்.

இம்முறையில் இடர்கள் மூன்று உள. ஓராண்டு மிக்கு வரும் குஞ்சுகள் மற்றோராண்டு அருகிவிடுதல் ஒன்று. வலையில் உடன்படும் வேற்று மீன்குஞ்சுகள் வீணே மடிதல் மற்றொன்று. பிலிப்பைன்ஸில் குஞ்சு பிடிக்கும் உரிமையை ஊராட்சியினர் ஏலம் விடுவதுண்டு; ஏலம் எடுத்தவர் வைத்த விலைக்கே, நீரில் நின்று உழைத்தவர் விற்க நேர்தல் மூன்றாவது.

எனினும், குஞ்சு பிடித்தலைக் குலநாசம் எனல் பொருந்தாது. கடலிற் பிறக்கும் குஞ்சுகளுட் பெரும்பாலன வளருமுன்னரே மடிவன. தாய்மீனைக் கொல்லுதலே பெருங்கேடு. ஆதலின் பிலிப்பைன்ஸ் நாட்டின் 1998-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் முட்டையிடும் பருவத்துப் பால்மீனைப் பிடித்தலை விலக்கியது.

இனி, அறிவியல் காட்டிய வழியைக் காண்போம். 1973-இல் அந்நாட்டின் இலோயிலோ மாநிலத்தில் தோன்றிய தென்கிழக்காசிய மீன்வள ஆய்வுநிலையத்தில், கூண்டுகளில் வளர்ந்த பால்மீன்கள் 1980-இல் தாமாகவே முட்டையிட்டன. முன்னர் மண்டபம், இராமேசுவரம் கரைகளிற் பிடித்த குஞ்சுகளைக் கொண்டே பால்மீன் வளர்த்த நம் நாட்டிலும், சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 2015-இல் பொரிப்பகத்திலேயே குஞ்சுகளை உண்டாக்கினர்.

இதனால் கடலின் சுமை குறைதல் நன்றே. ஆயின் தள்ளுவலையையே நம்பி வாழ்ந்தோர் அடுப்பில் நெருப்பு அவியலாமோ? பொரிப்பகங்கள் பெருகுங்கால் அவ்வெளியோர்க்கும் அவற்றில் வேலையும் பங்கும் கிடைத்தல் வேண்டும். விதையைக் காத்தலோடு விதை தந்தாரையும் காத்தலே அறம் என்பது எம் துணிபு.