ஒரு சோறு பதம்

பள்ளியின் விளையாட்டு விழா இனிதே முடிந்தது. காலையில் திடலில் ஓட்டப்பந்தயம். மாலையில் அரங்கில் பரிசளிப்பு. ஒளிப்படக் குழு மாணவர்கள் எடுத்த படங்கள் 400. ஒரு படத்தைத் திருத்த 3 நிமிடம் என்று கொண்டாலும், அனைத்தையும் திருத்த 1,200 நிமிடங்கள், அதாவது 20 மணி நேரம் வேண்டும். ஆண்டு மலருக்கோ மறுநாளே படங்கள் தேவை.

இத்தகைய வேளையில் கைகொடுப்பது தொகுதி மாற்றம். ஒரு படத்திற்குச் செய்த திருத்தங்களை ஒரே கட்டளையால் பல படங்களுக்கும் செய்யுமாறு கணினியைப் பணிப்பதே தொகுதி மாற்றம் எனப்படும். டார்க்டேபிள், ரா தெரபி ஆகிய கட்டற்ற மென்பொருள்களிலும், விலை கொடுத்து வாங்கும் லைட்ரூமிலும் இவ்வசதி உண்டு.

அரிசியும் சோறும்

டிஜிட்டல் ஒளிப்படக்கருவிகள் பலவற்றில் படத்தை இருவகையாகச் சேமிக்கலாம். ஒன்று ஜேபெக், மற்றொன்று 'ரா' எனப்படும் மூலக்கோப்பு. ஜேபெக் வடித்த சோறு போன்றது, உடனே பரிமாறலாம். மூலக்கோப்பு அரிசி போன்றது. அரிசியைக் கொண்டு பொங்கலும் ஆக்கலாம், புட்டும் அவிக்கலாம். வடித்த சோற்றை மீண்டும் அரிசியாக்க இயலுமோ?

கருவியினுள் ஒளியை உணரும் சில்லு ஒன்று உள்ளது. அதிலுள்ள நுண்கட்டங்கள் ஒளியின் அளவை மட்டுமே அறியும்; நிறத்தை அறியா. ஆதலால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு நிற வடிகட்டி அமைக்கப்படுகிறது. பெரும்பாலான கருவிகளில் நான்கு கட்டங்களுள் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இவ்வமைப்பை உருவாக்கியவர் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர். இதற்கு 1976ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது. சில்லு அளந்த இவ்வளவுகளே மூலக்கோப்பில் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணித்து, முழுப்படமாக ஆக்குவது மென்பொருளின் பணி.

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 ஒளிநிலைகளே உண்டு. 14 பிட் மூலக்கோப்பிலோ 16,384 நிலைகள் உண்டு. ஆகையால் நிழலில் மங்கிய முகத்தை மூலக்கோப்பிலிருந்து பெருமளவு மீட்க முடிகிறது.

ஒரு பானை எது?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. தொகுதி மாற்றத்தின் முறையும் இதுவே. முதலில் ஒரு படத்தைத் திறந்து, அதன் ஒளியையும் நிறத்தையும் சரிசெய்தல் வேண்டும். அத்திருத்தங்களை நாலைந்து படங்களில் இட்டுப் பார்த்தல் வேண்டும். அவை பொருந்தினால் மட்டுமே முழுத் தொகுதிக்கும் கட்டளையிடல் வேண்டும்.

ஆயினும், அப்பழமொழி ஒரு பானைக்கே பொருந்தும். இரு பானைகளுக்குப் பொருந்தாது. திடலின் வெயிலில் எடுத்த படங்கள் ஒரு பானை. அரங்கின் மஞ்சள் விளக்கொளியில் எடுத்தவை மற்றொரு பானை. வெயிலுக்கு வகுத்த நிறச்சமனை அரங்கப் படங்களுக்கும் இட்டால், பரிசு பெறுவோர் முகமெல்லாம் மஞ்சள் பூத்துத் தோன்றும். கணினி பிழையென்று அறியாது. ஒரு பிழையை நொடிப்பொழுதில் இருநூறு பிழையாக்கிவிடும். எனவே படங்களை ஒளிக்கேற்பப் பிரித்தல் மனிதர் செய்ய வேண்டிய முதற்பணி.

கூர்மையின் எல்லை

படத்தில் வெளிர்நிறமும் அடர்நிறமும் சந்திக்கும் இடமே விளிம்பு. விளிம்பின் வெளிர்ந்த பக்கத்தை மேலும் வெளிரச் செய்து, அடர்ந்த பக்கத்தை மேலும் அடரச் செய்தால், கண்ணுக்குப் படம் கூர்மையாகத் தோன்றும். இதுவே கூர்மையாக்கம். எவ்வளவு செய்வது என்பதை 'அளவு' குறிக்கும். விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவு செய்வது என்பதை 'ஆரம்' குறிக்கும். எத்தகைய மெல்லிய வேறுபாடுகளைத் தொடாமல் விடுவது என்பதை 'வரம்பு' குறிக்கும்.

உணவில் உப்பைப் போன்றது கூர்மை. மிகுந்தால் விளிம்புகளைச் சுற்றி வெண்கோடு படரும், வானத்தில் குருணை எழும், தோல் சொரசொரப்பாகும். படத்தைச் சிறிதாக்கும்போது கூர்மை சற்றுக் குறையும். ஆதலால் வேண்டிய அளவுக்கு மாற்றிய பின்னரே இறுதிக் கூர்மையைச் சேர்ப்பது நன்று. அச்சுக்கும் திரைக்கும் தேவையான கூர்மை வேறு வேறு.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. கூர்மையாக்கம் இருப்பதை எடுத்துக்காட்டுமேயன்றி இல்லாததைப் படைக்காது. இறுதிக்கோட்டை முந்தித் தொட்டவர் யார் என்பது குவியம் தவறிய படத்தில் பதியவில்லையெனில், எவ்வளவு கூர்மை சேர்த்தாலும் அது தெரியாது.

விதைநெல் காத்தல்

மாற்றம் முடிந்ததும், இடம் அடைக்கின்றன என்று மூலக்கோப்புகளை அழித்துவிடுவோர் உளர். அது விதைநெல்லை விற்பதற்கு ஒப்பாகும். மாற்றிய படங்களைத் தனி உறையில் சேமித்து, மூலக்கோப்புகளுக்கு வேறொரு வன்தட்டில் படியும் எடுத்துவைத்தால், இன்று நேர்ந்த பிழையை நாளை திருத்தலாம். விரைவு கணினியின் திறம். எதை, எவ்வளவு, எவற்றிற்கு என்று தேர்வது மனிதரின் திறம்.

சிந்தித்து விடை எழுதுக

1. மூலக்கோப்பு அரிசியோடு ஒப்பிடப்படுவது ஏன்?
2. திடல் படங்களையும் அரங்கப் படங்களையும் ஒரே தொகுதியாக்கினால் நேரும் தீங்கு யாது?
3. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழி பொருந்தும் வேறொரு சூழலை ஐந்து தொடர்களில் விளக்குக.