காகிதச் சிறகுகள்

ஒரு பாடசாலையின் சாளரத்தினின்று முழுமையாகக் காணமுடியாத காட்சிகளும் உள. மொனார்க் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் யாத்திரை அத்தகையது. இலையுதிர் காலத்திற் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து புறப்படும் இச்சிற்றுயிர், 3,000 மைல் வரை பறந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகளை அடைகின்றது. வசந்தத்தில் மீளும்போது வழியில் முட்டையிட்டு மடிகின்றது; எஞ்சிய வழியைச் சந்ததிகளே கடக்கின்றன.

1994இல் அமெரிக்காவில் ஆரம்பமான ‘ஜேர்னி நோர்த்’ திட்டத்தில், வகுப்புகள் தோறும் மாணாக்கர் தாம் முதலிற் பூச்சியைக் கண்ட நாளையும் இடத்தையும் அறிவிக்க, அவை ஒரே தேசப்படத்திற் புள்ளிகளாயின. வடபுலச் சிறுவர் காகிதப் பூச்சிகளை மெக்சிக்கோச் சிறுவருக்கு அனுப்பினர். வசந்தத்தில் அவர்கள் திருப்பியனுப்பினர்.

இப்புழுவின் உணவு, நாமறிந்த எருக்கின் குடும்பத்துச் செடிகளே. களைகொல்லியால் அவை வடக்கே அருகினால், தெற்கே மலைக்காடு வெறிச்சோடும். நம் எருக்கிலும் இப்பூச்சியின் உறவினம் முட்டையிடுகின்றது. வேலியோர எருக்கை வெட்டுமுன், அதன் இலையைப் பிள்ளைகளோடு நாமும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போமா?