கண்ணாடியாகும் அலுமினியமும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் செய்யும் தொழில்கள் எவை என்று கேட்டால், உணவகச் சமையலறை, துப்புரவுப் பணி, பெற்றோல் நிலையம், கடைக் காசுமேசை என்று ஒரு வரிசை எல்லோர் வாயிலும் வரும். அந்த வரிசையில் இடம்பெறாத தொழில்களும் உண்டு. உலோகம் மினுக்கும் தொழில் அவற்றுள் ஒன்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பேர்மிங்ஹாம், கொவென்றி நகரங்களைச் சூழ்ந்த சிறு பட்டறைகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் அலுமினிய இயந்திர மூடிகளை முகம் பார்க்கும் கண்ணாடி போல் மினுக்கிக் கொடுக்கிறார்கள். நான் 1996ஆம் ஆண்டில் இத்தொழிலுக்குள் புகுந்தேன். தஞ்சக் கோரிக்கையைக் கையளித்து ஆறு மாதங்கள் கடந்தவர்கள் வேலை செய்வதற்கு அனுமதி கேட்கக்கூடியதாக இருந்த காலம் அது. அச்சலுகை 2002இல் நீக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் நான் பழகிய இயந்திர வேலை வேறு. 1990க்குப் பின்னரான பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் பொன்னாக இருந்தது. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைப்பதே அக்காலத்து மெக்கானிக்கின் வித்தை. இயந்திரம் கிளம்புமா என்று கேட்டார்களே ஒழிய, மினுங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே முதல் நாள் காலையில் முதலாளி ஒரு மங்கிய மூடியை என் கையில் தந்து, மாலைக்குள் இதில் உன் பற்கள் தெரியவேண்டும் என்றபோது, வெள்ளைக்காரருக்குப் பணம் மிஞ்சிவிட்டது என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்த மூடி ஒரு ட்ரையம்ப் பொனவில் மோட்டார் சைக்கிளினுடையது. 1959இல் சந்தைக்கு வந்த வண்டி அது. பேர்மிங்ஹாமுக்கும் கொவென்றிக்கும் இடையிலுள்ள மெரிடன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. அந்தத் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கு வேலை செய்தவர்களும், இளவயதில் அந்த வண்டியை வாங்க ஏங்கியவர்களும் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து மினுக்கிய மூடிகளுடன் வெளிவந்த வண்டி, அதே கோலத்தில் மீண்டும் தெருவில் நிற்கவேண்டும் என்பது அவர்களின் ஆசை. ஊரை இழந்தவன் என்ற வகையில் இந்த ஆசையை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் எடுக்கவில்லை.

மினுக்கம் என்பது உலோகத்தின் மேல் பூசப்படுவதன்று என்பதே இத்தொழிலின் முதற்பாடம். எமது வீடுகளில் வெள்ளிக்கிழமைகளில் பழப்புளியும் சாம்பலும் கொண்டு குத்துவிளக்கை மினுக்கிய தாய்மாருக்கு இது தெரியும். அழுக்கைக் கழற்றினால் ஒளி தானே வரும். அலுமினியத்தில் கழற்றவேண்டியது அழுக்கை மட்டுமல்ல, கீறல்களையும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மேற்பரப்பிலுள்ள மேடு பள்ளங்கள் அதைவிடச் சிறியனவாகும்போது ஒளி சிதறாமல் திரும்புகிறது. அப்போதுதான் முகம் தெரிகிறது. பெரிய கீறலை அழிக்கச் சிறிய கீறலை இடுகிறோம். அதனை அழிக்க இன்னும் சிறியதை இடுகிறோம். கடைசிக் கீறலைக் கண் காணாத இடத்தில் வேலை முடிகிறது.

முதலில் மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயிலும் பின்னர் சவர்க்கார நீரிலும் கழுவவேண்டும். இங்கே நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில், சமையல் அடுப்புத் துப்புரவுத் திரவத்தை ஒரு மூடியின் மேல் ஊற்றிவிட்டேன். அதிலிருந்தது எரிசோடா. அலுமினியத்தைக் கரைத்து, ஐதரசன் வாயுவைக் குமிழ்குமிழாக வெளிவிடும் பொருள் அது. சில நிமிடங்களில் மூடி கரிச்சட்டி போலக் கறுத்துப் போயிற்று. அதை மீட்க இரண்டு நாள் உரைக்கவேண்டி வந்தது. இரும்புக்கு நல்லதெல்லாம் அலுமினியத்துக்கு நல்லதன்று.

அடுத்தது எமரிக் கடதாசி. 240ஆம் இலக்கத்தில் தொடங்கி 400, 600, 800, 1200 என்று ஏறவேண்டும். சில துளி சவர்க்காரம் கலந்த நீரில் நனைத்து உரைத்தால் கடதாசி அடைத்துக்கொள்ளாது, தூசியும் எழாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரைக்கும் திசையைக் குறுக்காக மாற்றவேண்டும். முதலில் நெடுக்காக உரைத்திருந்தால், அடுத்ததைக் குறுக்காக உரைக்கவேண்டும். அப்போதுதான் பழைய கீறல்கள் முற்றாக அழிந்தனவா என்பது தெரியும். பெரும்பாலான புதியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 400ஐ அரைகுறையாக விட்டுவிட்டு 800க்குத் தாவியவனின் மூடி, மங்கலாக இருக்கும்வரை அழகாகத்தான் தோன்றும். முழு மினுக்கம் ஏறிய பின்னரே அந்தப் பழைய கீறல்கள் கோடு கோடாக எழுந்து நிற்கும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

வார்ப்பு அலுமினியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உருக்கி ஊற்றும்போது உள்ளே அகப்பட்ட காற்று, ஊசித்துளைகளாகத் தங்கியிருக்கும். ஆழமாக உரைக்க உரைக்க அவை வெளியே தலைகாட்டும். எங்கே நிறுத்துவது என்பதை விரல்தான் சொல்லவேண்டும். எண்பது வயதை அண்மித்த ஒரு முதிய மினுக்குநர், கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் மூடியைத் தடவிப் பார்த்துத் தலையசைப்பார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராத காலத்தில் அவருடைய அந்தத் தலையசைப்பே எனக்குப் பாடப்புத்தகமாக இருந்தது.

பின்னர் சக்கரம். மினுக்கும் பொறியின் சுழல்தண்டில் பருத்தித் துணிகளை அடுக்கித் தைத்த சக்கரத்தைப் பூட்டுகிறார்கள். எட்டு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,900 முறை சுழலும்போது, அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். துணிதானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது. மூடியைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழேதான் பிடிக்கவேண்டும். மேல் விளிம்பைச் சக்கரம் கவ்விக்கொண்டால், கையிலிருந்து பறித்து நிலத்தில் அறையும். தளர்வான கைச்சட்டை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் ஆகாது. கோயிலில் கட்டிய நூலைக் கையிலிருந்து கழற்ற மனம் வராமல் நானும் சில நாட்கள் வேலை செய்திருக்கிறேன். முதியவர் கண்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டினார்.

சுழலும் சக்கரத்தில் மெருகுக்கட்டியைப் பிடித்து ஏற்றவேண்டும். முதலில் வெட்டும் தன்மையுள்ள மண்ணிறக் கட்டி, பின்னர் நுண்ணிய வெள்ளைக் கட்டி. ஒரு கட்டிக்கு ஒரு சக்கரம். இரண்டையும் கலந்தால் நுண்ணியது வீணாகும். அழுத்திப் பிடிப்பதால் விரைவாக மினுங்கும் என்று எண்ணக்கூடாது. அலுமினியம் வெப்பத்தை உடனே கடத்திக் கையைச் சுடுவதுடன், மேற்பரப்பும் இழுபட்டுத் தோடம்பழத் தோல் போலாகிவிடும். இறுதியில், ஒட்டியிருக்கும் மெழுகுப் பிசுக்கைச் சோளமாவைத் தொட்டு மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். அப்பொழுதுதான் ஆழத்திலிருந்து எழுவது போன்ற அந்த ஒளி வரும். அது நிலைத்து நிற்பதும் இல்லை. குளிர்காலத்தில் தெருவுக்குத் தூவும் உப்பு ஒரு சில வாரங்களில் அதைத் தின்றுவிடும் என்பதால், மெழுகு பூசிக் கொடுக்கிறோம்.

மினுக்கம் வெறும் அழகுக்கா என்று கேட்பவர்கள் உண்டு. மூடிகளில் அழகுக்குத்தான். ஆனால் இயந்திரத்தின் உள்ளே கதை வேறு. ட்ரையம்ப் இரட்டை உருளை இயந்திரங்களின் இணைப்புத் தண்டுகள் ஆர்.ஆர்.56 என்னும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டு நெரிபடும் அத்தண்டில் ஒரு குறுக்குக் கீறல் இருந்தால், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே பந்தய இயந்திரம் செய்வோர் அதனை நெடுக்காக மட்டும் உரைத்து மினுக்குவார்கள். அங்கே மினுக்கம் உயிர்காப்பு. மாறாக, எரிபொருளும் காற்றும் உள்ளே செல்லும் வழியைக் கண்ணாடியாக்குவதை அனுபவசாலிகள் விரும்புவதில்லை. பெற்றோல் துளிகள் சுவரில் படிந்து வழிந்துவிடும் என்பதால் அங்கே சிறிது சொரசொரப்பை விட்டுவைக்கிறார்கள்.

மூடியிலிருந்து கழன்ற அலுமினியம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நான் முதல் ஆண்டு முழுவதும் கேட்கவில்லை. ஷெபீல்ட் நகரில் கத்தி, கரண்டிகளை மினுக்கிய பெண்கள் பழைய பத்திரிகைத் தாள்களை உடலில் சுற்றிக்கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். வில்லியம் றோதென்ஸ்ரீன் 1919இல் அவர்களை ஓவியமாக வரைந்திருக்கிறார். எனது முதற் பட்டறையில் எங்களுக்கு அந்தப் பத்திரிகைத் தாளும் இருக்கவில்லை. மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அது தொழிலின் அடையாளம் என்று சிரித்துக்கொண்டோம்.

அலுமினியக் கட்டி எளிதில் எரியாது. 660 பாகை செல்சியசில் உருகும், அவ்வளவுதான். ஆனால் மரக்குற்றிக்கும் மரத்தூளுக்கும் உள்ள வேறுபாடு இதற்கும் பொருந்தும். மாப்போல நுண்ணிதாகிக் காற்றில் பரவிய அலுமினியத் தூசி, ஒரு தீப்பொறி கண்டால் வெடிக்கும். இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே சக்கரத்தில் மினுக்கி, இரண்டின் தூசியையும் ஒரே உறிஞ்சு குழாயில் விடுவது, தீக்குச்சியையும் வெடிமருந்தையும் ஒரே பெட்டியில் வைப்பதற்கு ஒப்பானது. ஈரம் பட்டால் அத்தூசி சூடேறி ஐதரசனை வெளிவிடும். எரியும் அலுமினியத் தூளின் மேல் நீர் ஊற்றுவது தீயை வளர்க்கும். உலர்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கென்றே செய்யப்பட்ட அணைப்பான்தான் வேண்டும். உரைத்த கடதாசியின் சேற்றுநீரைத் தூசிப் பீப்பாவில் ஊற்றுபவர்கள் இதனை அறிந்திருக்கவேண்டும்.

2014 ஆகஸ்ட் 2ஆம் திகதி காலையில், சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள குன்ஷான் நகரில் கார்ச் சில்லுகளின் அலுமினிய வளையங்களை மினுக்கும் தொழிற்சாலை ஒன்று வெடித்தது. அன்றே 75 பேர் மாண்டனர். தீக்காயங்களுடன் போராடியவர்களையும் சேர்த்து இறுதிக் கணக்கு 146. தூசி சேகரிக்கும் பீப்பா ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகி, உள்ளிருந்த தூசி ஈரம் பட்டுச் சூடேறித் தீப்பற்றியதே தொடக்கம் என்று அரச விசாரணை கூறியது. அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எனது முதற் பட்டறையின் பின்கதவுக்கருகே மழை ஒழுகும் இடத்தில் நின்ற பீப்பாதான் கண்முன் நின்றது.

அப்பட்டறையில் உருக்குப் புகைக்குழாய்களையும் அலுமினிய மூடிகளையும் ஒரே சக்கரத்தில் மினுக்கினோம். அது பிழை என்று முதியவர் எனக்குத் தனியே சொன்னார். நான் முதலாளியிடம் கேட்டேன். அடுத்த வாரம் வேலை குறைவு, அழைக்கும்போது வா என்றார். அழைப்பு வரவே இல்லை. தஞ்சக் கோரிக்கை முடிவாகாத நிலையில், இதனை யாரிடம் முறையிடுவது, முறையிட்டால் வழக்குக்குப் பாதகமாகுமோ என்று அஞ்சி வாளாவிருந்தேன். அறையில் கூட இருந்தவர்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று ஏசினார்கள்.

அன்று எனக்குத் தெரியாதிருந்ததை இன்று இப்பத்திரிகை வாசிக்கும் இளைஞருக்குச் சொல்லிவைக்கிறேன். பிரித்தானியாவில் தொழிற்பாதுகாப்புச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்து சட்டப்படி வேலை செய்பவரையும் சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்பவரையும் சேர்த்தே காக்கிறது. முகமூடி, கண்காப்புக் கண்ணாடி முதலியவற்றை முதலாளி தன் செலவில் தரவேண்டும். சம்பளத்தில் கழிக்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்காது. தூசி உறிஞ்சும் பொறியைப் பொதுவாகப் பதினான்கு மாதங்களுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கவேண்டும். ஆனால் வாரத்தில் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் உலோகம் மினுக்கும் அறையில் அந்த இடைவெளி ஆறு மாதம். முறையிடுபவர் தன் பெயரை முதலாளிக்கு வெளியிடவேண்டாம் என்று அரச அமைப்பிடம் கேட்டுக்கொள்ளவும் முடியும்.

இப்போது வேலை செய்யும் பட்டறையில் உருக்குக்கு ஓர் அறை, அலுமினியத்துக்கு வேறோர் அறை. தூசிப் பொறியின் பக்கத்தில் பரிசோதித்த திகதி எழுதிய சிறு துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், திங்கட்கிழமைகளில் நான் ஏன் குனிந்து அதனைப் பார்க்கிறேன் என்று கேட்டார். அவருக்கு அத்துண்டை வாசிக்கக் காட்டிவிட்டு, கையில் கிடந்த கோயில் நூலையும் கழற்றச் சொன்னேன். மறுத்தார். கத்தரிக்கோல் மேசை லாச்சிக்குள் இருந்தது.