சொன்ன விளையாட்டும் தந்த விளையாட்டும்

2018-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘ஃபால்அவுட் 76’ என்னும் வீடியோ கேமின் விசேஷப் பதிப்பை ஏறத்தாழ 200 டாலர் கொடுத்து வாங்கியவர்கள், பெட்டியைப் பிரித்து, விளையாட்டோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லப்பட்டிருந்த பையை வெளியே எடுத்தபோது திகைத்துப் போனார்கள். விளம்பரம் கித்தான் பை என்று சொல்லியிருந்தது. கைக்கு வந்ததோ மெல்லிய நைலான் பை. முறையிட்டவர்களுக்கு, அதை வெளியிட்ட பெதஸ்டா நிறுவனம் முதலில் அளிக்க முன்வந்த பரிகாரம், விளையாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் 500 நாணயங்கள். வெளியுலகக் கணக்கில் அதன் மதிப்பு சுமார் 5 டாலர். ரசிகர்களின் ஆட்சேபம் வலுத்த பிறகே, கித்தான் பை ஒன்றைத் தனியே தயாரித்து அனுப்புவதாக அந்த நிறுவனம் இசைந்தது.

பையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பையைக் கண்டு கொதித்தவர்களில் எத்தனையோ பேர், அதே விலைக்குள் அடங்கிய விளையாட்டு இடையிடையே நின்று போனதையும், சர்வருடன் இணைப்பு அறுந்ததையும், காட்சிகள் சிதைந்ததையும், ‘கேம் என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும், பிறகு அப்டேட் வரும்’ என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு சகித்துக்கொண்டார்கள். துணியின் குறையை விரல் நுனியே சொல்லிவிடுகிறது. மென்பொருளின் குறையைச் சொல்லும்போதோ, நம் கருவியில் கோளாறோ, நமக்குத்தான் விளையாடத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் வாங்கியவர் மனத்தில் எழுந்து அவர் வாயை அடைத்துவிடுகிறது. பொழுதுபோக்குக்காக வாங்கிய பொருளுக்கு நியாயம் கேட்டு நிற்பது கௌரவக் குறைவு என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் எதுவும் இல்லை என்பதை விளையாடுவோரும், அவர்களுக்காகப் பணம் கட்டும் பெற்றோரும் திட்டமாக அறிந்துகொள்ள வேண்டும்.

ஆயினும், ஏமாற்றம் எல்லாமே உரிமையாகிவிடாது. கதை சுவைக்கவில்லை, முந்தைய பாகத்தின் கம்பீரம் இதில் இல்லை, பாத்திரங்கள் மனத்தில் ஒட்டவில்லை என்பவை ரசனையைச் சார்ந்த குறைகள். அவற்றுக்காக எந்த நியாயஸ்தலமும் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லாது. இருக்கும் என்று சொன்ன அம்சம் இல்லாமற் போவதும், ஓடும் என்று சொன்ன கருவியில் ஓடாமற் போவதும் வேறு வகை. அவை சரக்கின் குறைகள். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், டிஜிட்டல் பண்டமும் திருப்திகரமான தரத்துடனும், உத்தேசித்த காரியத்துக்குத் தகுதியாகவும், வர்ணித்தபடியும் இருந்தாக வேண்டும் என்று வெளிப்படையாகவே விதித்து, முதலில் பழுதுபார்க்கவும், அது கைகூடாதபோது விலையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ திரும்பப் பெறவும் வாங்கியவருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2022 ஜனவரி முதல் இதே கருத்துள்ள விதி நடைமுறையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி முன்னே நிற்கிறது. குறை பெரிதாக இருந்தால், பழுதுபார்ப்பதா பணத்தைத் தருவதா என்று முடிவு செய்யும் உரிமை விற்றவருக்கு இல்லை, வாங்கியவருக்கே உண்டு என்பது அந்நாட்டுச் சட்டம். ‘ஃபால்அவுட் 76’ வாங்கி அவதிப்பட்டுப் பணத்தைக் கேட்டவர்களுக்கு, உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று பதில் சொல்லப்பட்டபோது, போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தலையிட்டது. பெதஸ்டாவின் தாய் ஸ்தாபனமான ஜெனிமேக்ஸ், தன் பதில் நுகர்வோரைத் தவறான வழியில் செலுத்தியிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, முறையிட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர 2019-இல் உறுதிமொழி எழுதிக் கொடுத்தது. பையின் விஷயத்தில் எந்த நியாயமோ, விளையாட்டின் விஷயத்திலும் அதே நியாயம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. முறையீடு செய்யாதவர்களுக்கு இந்த உறுதிமொழியால் பயன் இல்லை என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

விளம்பரத்தை எதிர்த்துப் போகிறவர், விளம்பரம் என்ன சொன்னது என்பதை எழுத்தெண்ணிக் காட்ட வேண்டியிருக்கும். 2013-இல் ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ வெளிவந்தபோது, முன்னோட்டக் காட்சிகளில் கண்ட ஒளியும் நுணுக்கமும் விற்ற பண்டத்தில் இல்லை என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் சென்றது. அக்காட்சிகள் மாதிரிப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை வெளியீட்டாளரான சேகா ஒப்புக்கொண்டு, அவற்றில் எச்சரிக்கை வாசகம் சேர்க்க இணங்கியது. 2016-இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ மீது அதே ஆணையத்திடம் வந்த புகார்களோ ஏற்கப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு உலகம் அமையும் விளையாட்டில், விற்பனைப் பக்கத்தின் படங்கள் வாங்குவோரைத் தவறான வழியில் செலுத்தவில்லை என்று ஆணையம் முடிவு செய்தது. பேட்டிகளில் சொன்ன வார்த்தைகளை நம்பி மனம் உடைந்தவர்களுக்கு விற்பனைப் பக்கத்தைப் பற்றிய அந்த விசாரணை ஆறுதல் தரவில்லை. ஆகவே ஒரு விளையாட்டு மேலுள்ள மோகம் பேட்டியாலும் மேடைப் பேச்சாலும் வளர்ந்ததா, விலைச்சீட்டின் அருகில் எழுதியிருந்த வாசகத்தால் வளர்ந்ததா என்பதை, பணம் கட்டுமுன்பே ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது.

மோகம் எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு, போலந்து நாட்டின் சிடி பிராஜெக்ட் ரெட் நிறுவனம் தயாரித்த ‘சைபர்பங்க் 2077’-ஐவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. 2012-இல் அறிவிக்கப்பட்டு, 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சி மேடையில் நடிகர் கியானு ரீவ்ஸ் தோன்ற வெளியீட்டுத் தேதி சொல்லப்பட்டு, மும்முறை ஒத்திவைக்கப்பட்டு, கடைசியில் 2020 டிசம்பர் 10 அன்று அது வெளிவந்தது. அதற்குள் 80 லட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு ஆகியிருந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டி வழங்கப்பட்டதோ கணினிப் பதிப்பு மட்டும். தாங்கள் விளையாடியபோது எடுத்த காட்சிகளை வெளியீட்டுக்கு முன் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் அது எப்படி ஓடுகிறது என்பதை, பணம் கட்டியவர்கள் தங்கள் வீட்டுத் திரையில்தான் முதன்முதலாகக் கண்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? நைட் சிட்டி என்னும் அந்தக் கற்பனை நகரத்தின் தெருவில் நடந்தால், எதிரே வருபவரின் முகம் கண்ணும் மூக்கும் துலங்காத மெழுகுருவாக நிற்கும். சில விநாடி கழித்தே அதில் மனித ஜாடை வந்து படியும். சுவர் விளம்பரங்களின் எழுத்துக்கள் நீரில் ஊறியவைபோல் கலங்கிக் கிடந்து பிறகு தெளியும். வண்டியை வேகமாக ஓட்டினால் படம் தடுக்கித் தடுக்கி நகரும்; எதிரே இருந்த வாகனம் காணாமற் போகும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒரு கட்டத்தை முடிக்கப் போகும் தறுவாயில், திரை நீலமாகி, பிழை நேர்ந்ததால் விளையாட்டு மூடப்பட்டது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். டிசம்பர் 14-ஆம் தேதி நிறுவனம் மன்னிப்புக் கோரி, பழைய கன்சோல்களில் விளையாட்டு எப்படி இருக்கும் என்பதை வெளியீட்டுக்கு முன் காட்டாதது தவறு என்று ஒப்புக்கொண்டது. சில நாட்களில் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே விலக்கி, கேட்டவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் வரை அது அங்கே திரும்பவில்லை.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்து, சமரசத்தின்படி 18 லட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றது விளையாட்டை வாங்கியவர்கள் அல்லர். விளையாட்டின் நிலைமையை மறைத்ததால் தங்கள் பங்குகளின் மதிப்பு வீழ்ந்தது என்று சொன்ன முதலீட்டாளர்கள். பங்கு வாங்கியவர் ஒன்றுகூடி வாதாடியதுபோல, பிரதி வாங்கியவர் ஒன்றுகூடவில்லை. நிறுவனம் பின்னர் அந்த விளையாட்டைப் பாடுபட்டுச் செப்பனிட்டது உண்மை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டைப் பலரும் மனமாரப் பாராட்டினார்கள். ஆனால் அந்த அப்டேட் பழைய கன்சோல்களுக்குத் தரப்படவே இல்லை. எவர்கள் மிகுதியாக ஏமாந்தார்களோ, அவர்கள் புதிய கன்சோல் ஒன்றை விலை கொடுத்து வாங்கினாலன்றி அந்தச் சீர்திருத்தத்தை அனுபவிக்க முடியாது. ‘பிறகு சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் நண்பர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். காத்திருக்கும் காலத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கும் தவணை கடந்து போகும்.

அந்தத் தவணை மிகக் குறுகியது. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்கிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவாயினும் பணம் திரும்பக் கிடைக்கும். விளையாட்டைத் திறந்த கணத்திலிருந்து அந்தக் கடிகாரம் ஓடுகிறது. பாத்திரத்தின் முகத்தை அலங்கரிப்பதும், அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதும், திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் அதிலேயே சேரும். பிளேஸ்டேஷன் கடையிலோ, டவுன்லோட் தொடங்கிவிட்டால், பண்டம் குறையுள்ளதாக இருந்தாலன்றிப் பணத்தைத் திருப்புவதில்லை என்பது விதி. தானாகவே டவுன்லோட் செய்யும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருப்பவருக்கே அங்கே யோசிக்க அவகாசம் உண்டு.

இவை கடைக்காரர் எழுதிக்கொண்ட நிபந்தனைகள். நாட்டின் சட்டத்துக்கு மேற்பட்டவை அல்ல. பணம் திருப்பித் தரப்படாது என்று எழுதி வைத்திருந்த ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் நிறுவனத்தின்மீது ஆஸ்திரேலிய ஆணையம் 2014-இல் வழக்குத் தொடர்ந்தது. நாங்கள் அமெரிக்க நிறுவனம், உங்கள் நாட்டில் வியாபாரம் செய்யவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2020-இல் சோனியின் ஐரோப்பியக் கிளைக்கும், டவுன்லோட் ஆனபின் பணம் இல்லை என்றும், ரொக்கத்துக்குப் பதிலாகக் கடைக்குள் செல்லும் வரவையே பெறலாம் என்றும் நுகர்வோரிடம் சொன்னதற்காக 35 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் ஆயிற்று.

விளையாட்டு நன்றாகவே இருந்து, சர்வரை மூடிவிடுவதால் கைவிட்டுப் போகும் அபாயமும் உண்டு. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2024 மார்ச் இறுதியில் அப்படி மறைந்தது. தனியே விளையாட விரும்பியவருக்கும் வழியில்லை. அதே ஆண்டு சோனியின் ‘கன்கார்ட்’ வெளிவந்த இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டது என்றாலும், அங்கே வாங்கியவர்கள் அனைவருக்கும் பணம் திரும்பியது. நாம் பெறுவது பண்டம் அன்று, திரும்பப் பெறத்தக்க லைசென்ஸ் மட்டுமே என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாகாணம் 2025 ஜனவரி முதல் கட்டாயப்படுத்தியிருக்கிறது.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்கும் வாசகருக்கும் கதி இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் பண்டங்களின் விற்பனையையும் மின்வணிகத்துள் அடக்குகிறது. 2020-இன் மின்வணிக விதிகள், இந்நாட்டு நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் அயல்நாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தி, புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கும்படி விதிக்கின்றன. ஆகவே முதலில் விற்ற கடைக்கே எழுத வேண்டும். எழுதும்போது ‘கேம் மோசம்’ என்று எழுதாமல், விற்பனைப் பக்கம் இன்ன தேதியில் இன்னதைச் சொன்னது, என் கருவி இன்னது, இத்தனை முறை நின்றது என்று எழுதி, பில்லையும், வாங்கிய நாளிலேயே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும், பிழை அறிவிப்பின் படத்தையும் இணைக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தின் வாசகம் பின்னர் மாற்றப்படலாமாதலால், அந்த ஸ்கிரீன்ஷாட்டே பிரதானமான ஆதாரம். கோபத்தில் வங்கிக்குச் சொல்லிப் பணத்தை இழுத்துக்கொள்ளத் துணிபவர்கள், அதனால் கடையிலுள்ள தங்கள் கணக்கு முடக்கப்பட்டு, முன்பு வாங்கிய விளையாட்டுகள் அனைத்தையும் இழக்க நேரலாம் என்பதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடை மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் பயனில்லையெனில், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமலே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. எந்த விளையாட்டின் விலையும் அந்த வரம்பை எட்டாது. பணம் தந்தையின் அட்டையிலிருந்து போய், விளையாடுவது பதினான்கு வயதுப் பையன் என்றாலும் தடையில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு உபயோகிப்பவரையும் சட்டம் நுகர்வோராகவே கருதுவதோடு, மைனரின் சார்பில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட்டு மனுவைக் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது.