தலைப்பில்லாத பக்கமும் வீணான ஒரு பயணமும்



கணனி என்றால் அது படித்த பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்கி நின்றவர்களில் நானும் ஒருத்தி. மீள்குடியேறிய பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில் தட்டச்சுப் பழகினேன். பிறகு மகளின் உதவியோடு எனக்கென ஒரு சிறிய இணையத்தளத்தை வேர்ட்பிரஸ் முறையில் அமைத்தேன். இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழை மீளப்பெறுவது எப்படி, அடையாள அட்டைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று, அலுவலகங்களுக்கு அலைந்து நான் அறிந்தவற்றை என்னைப் போன்ற பெண்களுக்காக அதில் எழுதி வந்தேன். பலரும் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமையை உடைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

அழைத்தவள் முகாமில் என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்த தங்கச்சி. 2009 இல் ஷெல் வீச்சில் இரு கண்களையும் இழந்தவள். கணவரும் இல்லை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற மென்பொருளின் துணையோடு கணனி பழகியிருந்தாள். பாடசாலையை விட்டு வேலைக்குப் போகும் மகனுக்கு அடையாள அட்டை எடுப்பதற்காக என் பக்கத்தைத் திறந்திருக்கிறாள்.

"அக்கா, உங்கட பக்கத்தில எல்லாம் இருக்குது எண்டு சொல்லுகினம். நானும் அரை மணித்தியாலமாக் கேட்டுக்கொண்டு இருந்தன். பட்டன், பட்டன், இணைப்பு எண்டுதான் சொல்லுது. கடைசியில டேட்டாவும் முடிஞ்சு போச்சு. பிரதி காணும் எண்டு நினைச்சு மகனோட போனன். மூலப் பிறப்புச் சான்றிதழ் வேணுமாம். திருப்பி அனுப்பிப்போட்டினம்."

பஸ் கூலியும் மகனின் ஒருநாட் சம்பளமும் வீண். மூலச் சான்றிதழ் தேவை என்ற வரி என் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் அவளுக்கு அது எட்டவில்லை.

கண்ணுக்குத் தலைப்பு, காதுக்கு இல்லை

"கொண்டுசெல்ல வேண்டிய பத்திரங்கள்" என்ற வரியை நான் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைத்திருந்தேன். பார்ப்பவருக்கு அது தலைப்பு. கணனிக்கோ அது மற்ற வரிகளைப் போல ஒரு வரி மட்டுமே. ஒரு வரி தலைப்பு என்பதைக் கணனிக்குச் சொல்ல எச் 1 முதல் எச் 6 வரை ஆறு படிநிலைகள் உள்ளன. பாடப் புத்தகத்தில் புத்தகத்தின் பெயர், அலகின் பெயர், அதற்குள் உபதலைப்பு என்று ஒழுங்கு இருப்பதைப் போன்றது இது.

என்விடிஏ இலவச மென்பொருள். பார்வையற்றவர்களான மைக்கல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்ற இரு அவுஸ்திரேலியர்களின் உழைப்பில், 2006 இல் தொடங்கி வளர்ந்தது. அதில் "எச்" என்ற விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் பாயலாம். 2 ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குப் போகலாம். வெப்எய்ம் என்ற அமைப்பு 2024 இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நீண்ட பக்கத்தில் தேவையானதைத் தேடத் தலைப்புகளையே முதலில் நாடுவதாக 71.6 வீதமானோர் கூறியிருந்தனர். தலைப்புக் குறி இல்லாத என் பக்கத்தில் தங்கச்சி எதைப் பிடித்துப் பாய்வாள்?

மறுநாளே திருத்தத் தொடங்கினேன். ஒரே பக்கத்தில் ஆறு இடங்களில் எச் 1 போட்டிருந்தேன், எழுத்துப் பெரிதாக வரட்டும் என்று. ஓரிடத்தில் எச் 2 இன் கீழ் நேராக எச் 4, அதன் நிறம் அழகு என்று. பக்கத்தின் பெயரை வேர்ட்பிரஸ் வார்ப்புருவே எச் 1 ஆக வைத்துவிடும். ஆகவே உள்ளே எச் 2 இல் தொடங்கி, அதன் பிரிவுகளுக்கு எச் 3 வைத்தேன். படியைத் தாண்டவில்லை. எழுத்தின் அளவும் நிறமும் பிடிக்காவிட்டால் அவற்றை வார்ப்புருவின் அமைப்பில் மாற்றலாம். அதற்காகத் தலைப்பின் நிலையை மாற்றக் கூடாது.

இறக்கி வைத்த சுமை

அடுத்தது பிளகின்கள். இவை இணையத்தளத்துக்கு மேலதிக வசதி தரும் சிறு மென்பொருள்கள். இலவசம் என்பதால் 23 சேர்த்திருந்தேன். பூக்கள் உதிரும் காட்சி, ஓடும் படங்கள், வருகையாளர் எண்ணிக்கை, பகிர்வுப் பொத்தான்கள் என்று எல்லாம் இருந்தன. இவற்றிற் பல ஒவ்வொரு பக்கத்தோடும் தங்கள் கோப்புகளையும் இறக்குவதால்தான் பக்கம் தாமதமானது, டேட்டாவும் கரைந்தது. தங்கச்சியின் காதில் விழுந்த "பட்டன், பட்டன்" அந்தப் பகிர்வுப் பொத்தான்கள்தான்.

இடம்பெயர்ந்த நாட்களில் சைக்கிளில் ஏற்றிய சாமான்களை வழிவழியே இறக்கி வைத்தோமே, நினைவிருக்கிறதா? கடைசிவரை கையில் இருந்தது பத்திரப் பையும் ஒரு பானையும். அந்தக் கணக்கையே இங்கும் போட்டேன். இது இல்லாவிட்டால் வாசிக்கும் பெண்ணுக்கு என்ன குறையும்?

முதலில் முழுத் தளத்துக்கும் காப்புப்பிரதி எடுத்தேன். பிறகு ஒரு நேரத்தில் ஒரு பிளகினை மட்டும் செயலிழக்கச் செய்து, கைத்தொலைபேசியில் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். பழுதில்லை என்றால் முற்றாக அழித்தேன். செயலிழக்கச் செய்வது மட்டும் போதாது. கோப்புகள் தளத்திலேயே கிடக்கும். புதுப்பிக்காத பழைய கோப்புகள் திருடர்களுக்குத் திறந்த யன்னல். படத்தொகுப்புப் பிளகினை நீக்கியபோது பக்கங்களில் சதுர அடைப்புக்குறிக்குள் விளங்காத சொற்கள் தோன்றின. அவற்றைக் கையாலேயே அழிக்க இரண்டு இரவுகள் சென்றன.

முடிவில் மிஞ்சியவை 7. காப்புப்பிரதிக்கும் பாதுகாப்புக்கும் தொடர்புப் படிவத்துக்கும் வேண்டியவை அவற்றுள் அடங்கும். பூ உதிரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரு கிழமையின் பின் தங்கச்சியை அழைத்துத் திரும்பக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுமுனையில் விசை தட்டும் சத்தம். மூன்றாம் தட்டில், "கொண்டுசெல்ல வேண்டிய பத்திரங்கள்" என்று இயந்திரக் குரல் சொன்னது எனக்கும் கேட்டது. "இப்ப சரி அக்கா. இனி என்ர அலுவலை நானே பார்ப்பன்" என்றாள்.

சகோதரிகளே, இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. மாதர் சங்க அறிக்கையை வேர்ட் மென்பொருளில் தட்டச்சுச் செய்கிறீர்களா? அங்கும் தலைப்பு நிலைகள் உண்டு. தடித்த எழுத்தோடு நின்றுவிடாமல் அவற்றைப் பயன்படுத்துங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை கண்ணை மூடி, அதைக் கேட்டுப் பாருங்கள். நம்மிடையே பார்வையை இழந்தவர்கள் பலர். அவர்கள் இன்னொருவரின் தயவை எதிர்பாராமல் தங்கள் அலுவலைத் தாங்களே பார்க்க, நம் எழுத்தும் ஒரு கைத்தடியாக இருக்கட்டும்.