காந்தம் காட்டும் மண்ணின் மாசு

ஆற்று மணலில் விளையாடும் சிறுவர் கையில் ஒரு காந்தத் துண்டு அகப்பட்டுவிட்டால் அவர்கள் களிப்புக்கு அளவேது? மணலில் அதனைப் புரட்டி எடுத்தவுடன் கருநிறத் துகள்கள் மயிர்போலச் சிலிர்த்து அதன் முனைகளில் ஒட்டிக்கொண்டு வரும். அத்துகள்களிற் பெரும்பாலானவை மாக்னடைட் என்னும் இரும்புக் கனியம். மலைப்பாறைகள் தேய்ந்து ஆற்றோடு வந்தவை.

அதே காந்தத்தை, அனல்மின் நிலையத்துக்கோ இரும்பாலைக்கோ அருகிலுள்ள வீட்டு மாடியின் தூசியிற் புரட்டினாலும் கருந்துகள்கள் ஒட்டக் காணலாம். ஆனால் இவற்றிற் பல மலை தந்தவை அல்ல. ஆலையின் புகைபோக்கி தந்தவை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, ஆலைகளால் மண்ணிற் சேர்ந்த மாசைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையை விஞ்ஞானிகள் வகுத்திருக்கின்றனர். பிழைப்பின் பொருட்டு ஆலை நகரங்களிற் குடியேறி, அங்கே பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர் அதனை அறிந்துகொள்வது நலம்.

புகைபோக்கியில் காந்தப் பொருள் எவ்வாறு உண்டாகிறது? நிலக்கரியில் இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட் என்னும் பொருள் கலந்திருக்கும். காந்தம் அதனை எளிதில் ஈர்ப்பதில்லை. உலையின் கடும் வெப்பத்தில் கந்தகம் எரிந்து வாயுவாகிப் போகிறது. எஞ்சிய இரும்பு பிராணவாயுவோடு கூடி மாக்னடைட்டாகவும் ஹேமடைட்டாகவும் மாறுகிறது. உருகிய துளிகள் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுருண்டைகளாகச் சாம்பலோடு வெளியேறுகின்றன. இரும்பாலைகளும், உலோகம் உருக்கும் சாலைகளும், சிமெண்டுச் சூளைகளும் இத்தகைய துகள்களை வெளிவிடுகின்றன.

இத்துகள்கள் தனியே வருவனவாயின் நமக்குக் கவலை குறைவு. அதே உலையில் ஈயம், துத்தநாகம், காட்மியம் முதலிய உலோகங்களும் ஆவியாகின்றன. புகை குளிரும்போது அவை துகள்களின் மேல் படிந்துவிடுகின்றன. ஆதலின் காந்தத் துகள் மிகுந்த இடத்தில் இவ்வுலோகங்களும் மிகுந்திருக்கக்கூடும் என்று ஐயுறுவது பொருத்தமே.

காந்தப்புலத்தில் வைத்த ஒரு பொருள் தானும் எவ்வளவு காந்தமாகிறது என்பதைக் குறிப்பது காந்த ஏற்புத்திறன். மேல்மண் அடிமண்ணைக் காட்டிலும் மிகுந்த ஏற்புத்திறன் உடையதாய் இருப்பதுண்டு என்பதை 1955ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் லெ போர்ன் எடுத்துக்காட்டினார். இதனை அளக்க இன்று கையில் எடுத்துச் செல்லும் கருவிகள் உள்ளன. வளையம் போன்ற ஒரு வகைக் கருவி ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. அதனைத் தரைமீது வைத்தால், மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணின் ஏற்புத்திறனைச் சில விநாடிகளிற் சொல்லிவிடும். குழி தோண்ட வேண்டுவதில்லை. அமிலத்திற் கரைக்க வேண்டுவதில்லை. இரசாயன ஆய்வுக்குப் பல நாட்களும் பெரும் பொருளும் செலவாகும் பரப்பை, ஓரிருவர் நடந்தே அளந்து வரைபடமாக்கிவிடலாம்.

இம்முறைக்குப் புகழ் தேடித் தந்த இடங்களுள் ஒன்று போலந்து நாட்டின் தெற்கிலுள்ள மேல் சைலீசியா. கடோவீஸ் நகரைச் சூழ்ந்த அப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும், இரும்பாலைகளும், ஈயமும் துத்தநாகமும் உருக்கும் சாலைகளும் நெருங்கி நின்றன. போலந்து அறிஞர்களான ஸ்ட்ஷிஷ்ச், மகியேரா ஆகியோரும், சூரிச் நகரில் பணியாற்றிய ஹெல்லரும் அங்குள்ள காட்டு மண்ணை ஆராய்ந்து 1996இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆலைப்பகுதிகளை அடுத்த காடுகளில் மேல்மண்ணின் ஏற்புத்திறன் மிக உயர்ந்திருந்தது. ஈயம் முதலிய உலோகங்களின் அளவும் அதனோடு ஒத்து உயர்ந்தது.

காட்டு மண்ணை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மரங்களின் தழை காற்றில் வரும் தூசியைத் தடுத்து நிறுத்துகிறது. மழையும் உதிரும் சருகும் அதனைக் கீழே சேர்க்கின்றன. அங்கு ஏர் ஓடுவதில்லை. ஆதலின் பல ஆண்டுத் தூசி மேலடுக்கிலேயே தங்கிக் கிடக்கிறது. புகைபோக்கி ஓய்ந்தாலும் மண்ணிற் சேர்ந்தது உடனே மறைந்துவிடுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏற்புத்திறன் உயர்ந்த மண்ணெல்லாம் மாசுற்ற மண் ஆகாது. மும்பையிலும் புனேயிலும் வாழும் அன்பர்கள் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். தக்காணத்தின் பசால்ட்டுப் பாறை இயல்பாகவே இரும்புக் கனியம் மிகுந்தது. அதிலிருந்து உண்டான மண் மாசு சிறிதும் இன்றியே காந்தக் கருவியைத் துள்ளச் செய்யும். எனவே ஆராய்ச்சியாளர் மேலிருந்து கீழாகவும் அளக்கின்றனர். மேலடுக்கில் மட்டும் அளவு உயர்ந்து, கீழே போகப்போகக் குறைந்தால் வெளியிலிருந்து வந்த தூசியை ஐயுற இடமுண்டு. ஆழத்தில் உயர்ந்தால் அது பெரும்பாலும் பாறையின் கொடை. தீயில் வெந்த மண்ணிலும் ஏற்புத்திறன் கூடும். நெடுநாள் நீர் தேங்கிய மண்ணில் மாக்னடைட் கரைந்து குறைந்துவிடும்.

இதன் மறுபுறமும் உண்மை. அளவு தாழ்ந்திருப்பது நற்சான்றிதழ் ஆகாது. பழைய பெயிண்டிலுள்ள ஈயத்தையும், தோல் பதனிடும் சாலையின் குரோமியக் கழிவையும், பூச்சிமருந்தையும் காந்தம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருத்தல் தவறு. காந்த அளவீடு வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றது. எங்கே ஆழ்ந்து சோதிக்க வேண்டும் என்பதை அது சுட்டும். நோய் இன்னதென்று முடிவு செய்வது இரசாயன ஆய்வே.

இவ்வளவும் நம் வீட்டுக்கு என்ன என்று கேட்கலாம். நம்மவர் எந்தக் குவார்ட்டர்ஸில் குடியேறினாலும் கொல்லையில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும், இடமிருந்தால் இரண்டு பாத்தி கீரையும் வைக்காமல் இருப்பதில்லை. தவழும் குழந்தையோ மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. ஈயம் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்குவது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே ஆலையை அடுத்து வாழ்வோர் சில வழக்கங்களைக் கைக்கொள்ளலாம். விளையாடி வந்த பிள்ளைகளை உண்ணுமுன் கை கழுவச் செய்க. வெளிச்செருப்பை வாயிலிலேயே விடுக. தரையை உலரப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க. கீரையைப் பலமுறை நீர் மாற்றி அலசுக. மண்ணின்மேல் ஐயம் இருந்தால், வேறிடத்து நல்ல மண் நிரப்பிய தொட்டியிற் கீரை வளர்க்க.

காந்தத் துண்டைக் காகிதத்திற் சுற்றி மாடித் தூசியில் புரட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். ஆயினும் அதனைக் கொண்டு அஞ்சவும் வேண்டா. அமைதி கொள்ளவும் வேண்டா. துரு உதிர்ந்தாலும் துகள் ஒட்டுமன்றோ? முறையான அளவீட்டுக்குக் கருவியும் பயிற்சியும் வேண்டும். நவி மும்பையின் பன்வேலில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிலையத்தில் சுற்றுச்சூழற் காந்தவியல் ஆய்வு நடைபெறுகிறது. சில பல்கலைக்கழகங்களிலும் இத்துறை உண்டு.

பொங்கல் விழாவுக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் ஒன்றுகூடும் நம் சங்கங்கள், இதற்கும் ஒருமுறை ஒன்றுகூடலாகாதா? பிள்ளைகள் ஆடும் திடலையும், பள்ளி முற்றத்தையும், கொல்லைப் பாத்திகளையும் அளந்து தருமாறு அருகிலுள்ள கல்லூரியின் இயற்பியல் அல்லது நிலவியல் துறையை எழுத்து மூலம் கேட்கலாம். அளவு உயர்ந்த இடங்களின் மண்ணை மட்டும் இரசாயன ஆய்வுக்கு அனுப்பினால் செலவும் குறையும். அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் முறையிட்டால், நம் சொல்லுக்குத் தனி வலிமை உண்டாகும்.